பாக்கெட்டுக்குள் போகிற கேமரா

ஜனவரி 9

அன்புள்ள ரீலுக்கு,

கத்தரி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது? கேமராக் கடை கவுண்டருக்குப் பின்னால் பத்தொன்பது வருடம் நின்றவனுக்கு முதுகு என்று ஏதாவது மிச்சம் இருந்தால் சொல்.

அக்கா போன் போடாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பார்ப்பாய். போன் போட்டால் "சொல்லுக்கா, சொல்லுக்கா" என்றபடி எதிரில் நிற்பவருக்கு லென்ஸைக் காட்டிக்கொண்டிருப்பாய். தவிர, என் நாக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் தடிக்கிறது. போனில் பேசினால் காலையிலேயே குடித்துவிட்டாள் என்று நினைப்பார்கள். கடிதத்தில் நாக்குக்கு வேலை இல்லை பார்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு கேமரா வேண்டும்.

சிரிக்காதே. இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனியில் பயண ஜாக்கெட்டுக்கு மாதிரி வெட்டுகிறேன். நான் கத்தரியால் ஒன்று வெட்டிக் கொடுத்தால், அதை வைத்து மெஷின் ஆயிரம் வெட்டும். அதில் நெஞ்சுக்கு இடப்பக்கம் ஒரு கேமரா பாக்கெட் உண்டு. அகலம் நாலு இஞ்சு, உயரம் இரண்டே முக்கால், ஆழம் ஒன்று, மேலே ஒரு மூடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தப் பாக்கெட்டுக்குள் ஒரு கேமரா போய் உட்கார்வதை ஒருநாளும் பார்த்ததில்லை. போன வருடம் காலர் கோணலாகிக் கழித்துப்போட்ட ஜாக்கெட் ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஏப்ரலில் உன் அத்தான் லீவு போடுகிறார். எந்த மாதமும் பனி போகாத அந்த மலையைப் பார்க்கப் போகிறோம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து கேமராவை எடுத்து, ஒரே ஒரு படம் நானே எடுக்க வேண்டும்.

கைக்கு அடக்கமாக இருக்கட்டும். அந்தப் பாக்கெட்டுக்குள் போக வேண்டும். தொட்டால் எடுக்கிற பட்டனாகப் பார். என் வலது கைக்கு இப்போது மாமியார் புத்தி வந்துவிட்டது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கத்தரியைப் பிடி என்றால் கீழே போடுகிறது.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று உன்னைத்தான் சின்ன வயதில் எல்லோரும் சொல்வார்கள். அதுபோல ஒரு கேமரா.

பதில் போடு. நீ சோம்பேறி என்று எனக்குத் தெரியும், இருந்தாலும்.

உன்,
கத்தரி

—

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

ரீலு எழுதுகிறேன். நலம். முதுகு இருக்கிறது, ஆனால் என் கட்சியில் இல்லை. அத்தான் நலமா? ஊரிலிருக்கிற கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் வீட்டுக்கு இன்னும் மூன்று மாடிப் படிக்கட்டுதானா?

கைக்கு அடக்கமான கேமரா என்று எழுதியிருக்கிறாய். உனக்கும் அடக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துக்கொண்டே படித்தேன். கவுண்டரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் நான் அக்கா என்றும் பார்க்க மாட்டேன். கடைக்கு வருபவர் ஆயிரம் பேசுவார். அதில் தேவை நாலு வரிதான் இருக்கும், மீதியெல்லாம் பேச்சு. தேவையைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் தனியே எடுப்பது என் வழக்கம். உன் கடிதத்துக்கும் கோடு போட்டுவிட்டேன். மலை. பனி. பயணம். பாக்கெட் அளவு.

இதில் மலைக்கும் பாக்கெட்டுக்கும்தான் சண்டை. சின்ன கேமராவில் எட்ட இருக்கிற மலை கொழுக்கட்டை அளவுக்குத் தெரியும். பனியோ வெறும் வெள்ளைப் பூச்சாக விழும். வெயிலில் திரையும் கண்ணுக்குத் தெரியாது, கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னல் இருந்தால்தான் தப்பிக்கலாம். கடுகு காரமாக இருக்கலாம், கடுகை மட்டும் தின்று வயிறு நிறையுமா? வருடக்கணக்காக எங்கும் போகாதவள் ஒருமுறை போகிறாய். திரும்பி வந்து, "அந்தச் சிகரம் கிட்டத்துல வரலையே" என்று என்னைத் திட்டுவாய்.

இன்னொன்று, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்பாதே. அது பேட்டரி இல்லாத எடை. நான் ஒவ்வொன்றையும் பேட்டரி, கார்டு, வார் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்துப் பார்த்துத்தான் சொல்வேன். அதற்கு நாளாகும், பொறு.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
ரீலு

—

பிப்ரவரி 11

அன்புள்ள ரீலுக்கு,

நலம். அத்தானும் நலம். அங்கே குளிர் எப்படி?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிகரம் கிட்டத்தில் வராவிட்டால் பரவாயில்லை. மலை அதன் இடத்திலேயே இருக்கட்டும், நான் என் இடத்தில் இருக்கிறேன். பாக்கெட்டுக்குள் போகிறதா என்று மட்டும் பார்.

எடை என்றாயே, நானும் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு கையால் தூக்கினேன். பாதி டம்ளர் வரை பிரச்சினை இல்லை. உன் தராசில் பாதி டம்ளர் எவ்வளவு காட்டும் என்று பார், அதற்குமேல் வேண்டாம்.

கம்பெனியில் என்னைக் கட்டிங்கிலிருந்து செக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து, தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சூப்பர்வைசர் நல்லவள். நானாகக் கேட்கும் முன்பே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு லிஃப்ட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். மூன்றாவது மாடிக்கு உன் அத்தானே தூக்கிக்கொண்டு ஏறுகிறார். கல்யாணமான புதிதில் கேட்டபோது முடியாது என்றவர்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பேனா வழுக்குகிறது.

கத்தரி

—

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் தெரிந்து சந்தோஷம். அதிலும் நாற்காலி போட்டு உட்கார்கிற வேலை! பதவி உயர்வை இப்படி ஒரு ஓரமாகவா எழுதுவது? கத்தரி இனிமேல் மேஸ்திரி. அத்தானுக்கும் இந்த வயதில் காதல் பொங்குகிறது போலிருக்கிறது, நடத்துங்கள்.

கையெழுத்தைப் பற்றி நீயே சொல்லிவிட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்தால் மாத்திரை கொடுத்துவிடுவார், அவ்வளவுதான்.

கேமராவை முடிவு செய்துவிட்டேன். போன வாரம்தான் புது மாடல் வந்தது, அதற்காகத்தான் இவ்வளவு நாள் உன்னைக் காக்க வைத்தேன். பதினொரு கேமராவைத் தராசில் வைத்துப் பார்த்து எடுத்தது. மலையை முப்பது மடங்கு கிட்டத்தில் இழுக்கும். கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் உண்டு, திரை மடங்கும், கை நடுங்கினாலும் படம் நடுங்காது. எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது கிராம். பயணக் கேமராவில் இதற்குமேல் சாமான் கிடையாது என்று எழுதித் தருகிறேன்.

நீ கேட்ட சின்னதும் ஒன்று கவுண்டரில் இருக்கிறது. லென்ஸ் உள்ளேயே இருப்பதால் மூக்கை நீட்டாது, தட்டையாகச் சீட்டுக்கட்டு மாதிரி இருக்கும். உன் பாக்கெட்டில் சரியாகப் போகும், அளந்தும் பார்த்துவிட்டேன். ஆனால் அது விளையாட்டுச் சாமான். என் அக்காவுக்கு அதைக் கொடுத்தேன் என்றால் நாளைக்கு இந்தக் கவுண்டரில் நிற்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

பாக்கெட்டில் போகவில்லை என்றால் கழுத்தில் மாட்டிக்கொள். யானை வாங்குகிறவள் அங்குசத்துக்கு யோசிப்பாளா? பார்சல் அனுப்பிவிட்டேன். இது தம்பி வாங்கிக் கொடுத்தது, பேச்சே கிடையாது.

ரீலு

—

ஏப்ரல் 2

அன்புள்ள ரீலுக்கு,

நலம்.

கேமரா வந்து சேர்ந்தது. அத்தான்தான் பிரித்தார். ரொம்ப அழகாக இருக்கிறது. கறுப்பாக, கம்பீரமாக, நம் பழைய தலைமை ஆசிரியர் மாதிரி.

கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். மாட்டியதும் தலை தானாகக் குனிந்துகொள்கிறது, நிமிர மாட்டேன் என்கிறது. கடைசியில் எனக்கு அடக்கம் வந்துவிட்டது, பார்த்தாயா.

பத்தாம் தேதி கிளம்புகிறோம்.

எனக்காகப் பதினொரு கேமராவைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறாய். முதுகைப் பார்த்துக்கொள்.

கத்தரி

—

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போன மாதம் இருபத்துநாலாம் தேதி ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் போட்டால் அத்தான் எடுத்து, "தூங்குறா", "குளிக்கிறா" என்கிறார். ஒரு மனுஷி எத்தனை தடவை குளிப்பாள்?

படம் எங்கே? மலைக்குப் போனாயா இல்லையா? பத்துப் படமாவது பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டலாம் என்று சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன். வருபவரிடமெல்லாம் அக்கா எடுத்த மலை வரப்போகிறது என்று சொல்லிவிட்டேன். ரீல் விடுகிறான் என்று சிரிக்கிறார்கள்.

என்மேல் ஏதாவது கோபமா? கோபம் என்றால் நேரே திட்டு. இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது உன் சுபாவமே இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

ரீலு

—

ஜூன் 3

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நலம் என்று நம்புகிறேன்.

இங்கே நலம் என்று எழுதச் சொன்னாள். எழுத முடியவில்லை.

உங்கள் அக்காவுக்கு நரம்பு வியாதி. போன வருடம் ஆகஸ்டில் கத்தரி கைநழுவி விழ ஆரம்பித்தது. அக்டோபரில் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலில் கை போகும், பேச்சு போகும், பிறகு விழுங்குவது போகும், கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. ஒரு வருடம் என்றார்கள், கூடக் குறைய இருக்கலாம் என்றார்கள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அவன் அங்க தனியா கெடக்கான், இடிஞ்சு போயிடுவான்" என்றாள். இன்று அந்தச் சத்தியத்தை மீறுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அழுதாள், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மலைக்குப் போனோம். வாடகைக் கார் ஒன்றை நானே ஓட்டிப் போனேன். பார்க்கிற இடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தேன். வானம் சுத்தமாக இருந்தது. ஜாக்கெட் போட்டிருந்தாள். கேமராவை மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தாள், மடியைவிட்டு எழும்பவில்லை. நான் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பட்டன் எந்தப் பக்கம் என்று விரல் தேடிக்கொண்டே இருந்தது. "விடு, நான் அழுத்துறேன்" என்றேன். அப்போது கொஞ்சம் பேச்சு இருந்தது. "வேணாம்... தம்பி எனக்குன்னு வாங்குனது" என்றாள். அது புரியவே எனக்கு நேரமாயிற்று. ஒரு மணி நேரம் அப்படியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்துவிட்டோம். காரில் வரும்போது காலியான அந்தப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே வந்தாள்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல கேமரா.

அத்தான்

—

ஜூன் 8

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்க வாய் வரவில்லை.

நேற்றிலிருந்து கடைக்குப் போகவில்லை. அந்தப் பாதி டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பார்த்தேன். டம்ளரோடு சேர்த்து நூற்று அறுபது கிராம். நீ அதைத்தான் கேட்டாய். நான் அறுநூற்று நாற்பதை உன் கழுத்தில் கட்டிவிட்டேன். அதற்கு யானை, அங்குசம் என்று கதை வேறு.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எதிரில் நிற்கிற ஊர் பேர் தெரியாதவர்கள் சொல்வதையெல்லாம் பத்தொன்பது வருடமாகக் கேட்கிறேன், என் அக்கா சொன்னால் கேட்க மாட்டேனா? ஏன் சொல்லவில்லை? உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. யார்மேல் கோபம் என்றும் சரியாகத் தெரியவில்லை.

அந்தச் சின்னதை எடுத்துவிட்டேன். அதன் பட்டன் கொஞ்சம் விறைப்பு. பிரித்து உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை இளக்கித் தருகிறேன், தொட்டால் போதும்படி. அதை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். மறுபடியும் மலைக்குப் போவோம். அத்தான் கார் ஓட்டட்டும், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

திட்டி ஒரு கடிதம் போடு அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரீலு

—

ஜூலை 1

ரீலு. நலம். அழாதே. இப்போது வராதே. கேமரா முதலில் வரட்டும். சொன்னேன்.

(மச்சானுக்கு: மேலே இருப்பது அவள் சொன்னது. நான் ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவேன். வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மூடுவாள். தமிழில் இத்தனை எழுத்து எதற்கு என்று முதல் நாளே சலித்துக்கொண்டாள், அதைச் சொல்லவே அரை மணி ஆயிற்று. இந்த ஒரு வரிக்கு இரண்டு நாள் ஆனது. கடைசி வார்த்தை எனக்குப் புரியவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே எழுதிவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது, வாயை மூட முடிவதில்லை. அதனால்தான் உங்களை வர வேண்டாம் என்கிறாள். ஆனால் நீங்கள் வாருங்கள். அத்தான்.)

—

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று கேமராவைப் பார்சலில் அனுப்புகிறேன். நாளாகிவிட்டது. முதலில் போட்ட ஸ்பிரிங் ரொம்ப இளகிவிட்டது, அடுத்தது உடைந்தது. மூன்றாவதை ஒரு வாரம் வைத்துச் சோதித்தேன். எனக்கு எதையும் சரிபார்க்காமல் அனுப்ப வராது, உனக்குத் தெரியும். ஜூலை பத்தாம் தேதிக்கே டிக்கெட் எடுத்திருந்தேன். ஸ்பிரிங் சரியாக அமையாததால் ரத்து செய்துவிட்டேன். வெறுங்கையோடு எப்படி வந்து நிற்பது?

இப்போது இறகு பட்டால்கூடப் படம் விழும். விரல் பட்டனைத் தேட வேண்டாம் என்று மேலே ஒரு ரப்பர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், அதையும் நிறுத்திவிட்டேன். ஒருமுறை அத்தான் ஆன் செய்தால் யாராவது அணைக்கும்வரை விழித்திருக்கும். சத்தம் வராது, பிளாஷ் வராது. ஃபோகஸையும் தூரத்துக்குப் பூட்டிவிட்டேன். மலை மட்டும் இருந்தால் போதும்.

பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து நூற்று முப்பத்தெட்டு கிராம். அகலம், உயரம், தடிமன் எல்லாம் உன் பாக்கெட்டுக்குள் அடங்கும். மூடி மட்டும் கொஞ்சம் இறுக்கமாக உட்காரும்.

சொன்னேன் என்று எழுதியிருந்தாய். எப்போது சொன்னாய் என்று உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். டிராயரில்தான் இருக்கின்றன. இன்னும் எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி வருகிறேன். இந்தமுறை டிக்கெட்டை ரத்து செய்ய மாட்டேன்.

ரீலு

—

செப்டம்பர் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் வந்துவிட்டுப் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் இருந்தபோது நாம் இரண்டு பேரும் சரியாகப் பேசவில்லை. வந்துபோனவர்களுக்குப் பதில் சொல்லவே நேரம் போய்விட்டது.

இரண்டு விஷயத்துக்காக எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகஸ்ட் பன்னிரண்டு. கேமரா வந்த நாளிலிருந்து மலை, மலை என்று அட்டையில் சொல்லிக்கொண்டே இருந்தாள். போனோம். வானம் மூட்டமாக இருந்தது, மலை தெரியவில்லை. கேமராவை ஆன் செய்து கைக்குள் வைத்தேன். நீங்கள் ஒட்டிய பொட்டின்மேல் விரலை வைத்தேன். விரல் அசையவில்லை, மச்சான். அவ்வளவு இளக்கியும் அசையவில்லை. நான் அழுத்தட்டுமா என்று கேட்டேன், கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பிறகு பாக்கெட்டைப் பார்த்தாள். அதற்குள் வைத்து மூடியைப் போட்டேன். அவள் சொன்ன அளவு, அச்சு மாதிரி உட்கார்ந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தேன். நான் ஏதோ பேசிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுபோன கதை. அடிவாரத்துக்கு வந்து வண்டியை நிறுத்தி, டீ வாங்கி ஸ்பூனில் கொடுக்கலாம் என்று திரும்பினேன். அவள் இல்லை. தூக்கினேன், தட்டினேன். கை ஜில்லென்று இருந்தது. எந்த வளைவில் போனாள் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் அவள் இல்லாமலேயே பேசிக்கொண்டு வந்தேன் என்றும் தெரியாது. அதுதான் என்னை அரிக்கிறது.

இரண்டாவது விஷயம். நேற்று ஜாக்கெட்டை மடித்து வைக்க எடுத்தேன். பாக்கெட்டில் கேமரா அப்படியே இருந்தது. அணைக்க மறந்திருக்கிறேன், பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சார்ஜ் போட்டுப் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம் படம் இருக்கிறது. எல்லாம் கறுப்பு. ஒன்றிலும் ஒன்றுமில்லை. கேமராவில் ஏதோ பழுது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். பெரிய கேமராவும் இதே பெட்டியில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தான்

—

செப்டம்பர் 19

அன்புள்ள அத்தானுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நான் நலமாக இல்லை. உங்களையும் நலமா என்று கேட்கப் போவதில்லை. நம் இரண்டு பேருக்குள் இனி அந்த வரி வேண்டாம்.

படங்களைக் கடையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. வெளிச்சத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கிறது.

முதல் படம் இரண்டு நாற்பது. நீங்கள் பாக்கெட் மூடியைப் போட்ட நேரமாக இருக்க வேண்டும். பிறகு இருபத்தைந்து, முப்பது வினாடிக்கு ஒன்று. சில இடத்தில் மூன்று நாலு சேர்ந்தாற்போல, அங்கே இருமியிருப்பாள். மூடியின் அடிப்பக்கம் சரியாகப் பொட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்குமேல் கார் பெல்ட். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தபோதெல்லாம் பட்டன் அழுந்தியிருக்கிறது. நான் அவ்வளவு இளக்கி வைத்திருந்தேன். விரலால் முடியாததை மூச்சால் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள், அவளுக்கே தெரியாமல்.

நாலு மணிக்குமேல் இடைவெளி கூடுகிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இருநூற்றுப் பத்தாவது படம் நாலு பதினேழு.

கடைசிப் படம் நாலு ஐம்பத்திரண்டு. அது அவள் எடுத்ததில்லை. நீங்கள் அவளைத் தூக்கியபோது விழுந்தது.

முப்பத்தைந்து நிமிடம், அத்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தீர்கள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இந்த வீட்டில் சொல்லாமல் இருந்தது போதும் என்று எழுதிவிட்டேன். அதுவரை உங்கள் லிஃப்ட் கதையைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

நேற்று டிராயரைத் திறந்தேன். ஜனவரியில் அவள் எழுதிய முதல் கடிதம். நான் போட்ட சிவப்புக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. மலைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, பாக்கெட் அளவுக்கு ஒன்று. அதற்கு அடுத்த வரி, "என் வலது கைக்கு இப்போது மாமியார் புத்தி வந்துவிட்டது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கத்தரியைப் பிடி என்றால் கீழே போடுகிறது." அதன் அடியில் கோடு இல்லை. பேச்சு என்று தள்ளிவிட்டேன். எங்கள் வீட்டில் எதையும் கிண்டலாகத்தான் சொல்வோம், அவள் அப்படித்தான் சொன்னாள், நானும் அப்படித்தான் சிரித்தேன். நாக்கு தடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறாள். அதற்கும் கோடு இல்லை. பாதி டம்ளர், நாற்காலி, நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறியது, குனிந்த தலை, ஒன்றுக்கும் இல்லை. சொன்னேன் என்றாளே, சொல்லித்தான் இருக்கிறாள். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லியிருக்கிறாள்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். இனிமேல் கோடு போட்டு என்ன ஆகப்போகிறது என்று மூடி வைத்துவிட்டேன்.

பெரியது இங்கேயே இருக்கட்டும். சின்னதைத் திருப்பி அனுப்புகிறேன், ஜாக்கெட் பாக்கெட்டிலேயே வைத்துவிடுங்கள். படம் எதையும் அழிக்க வேண்டாம்.

பழுது பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டேன். கேமராவில் பழுது எதுவும் இல்லை, அத்தான்.

உங்கள் மச்சான்